அகல லென்ஸும் ஓரத்தில் நின்ற லாரியும்

"பின்னால போ! இன்னும் பின்னால!" என்று மலாயில் கத்தினான் மொழிபெயர்ப்பாளன்.

பின்னால் போக இடமில்லை. முக்காலியின் ஒரு கால் ஏற்கெனவே பெரிய வாய்க்காலின் விளிம்பில் நின்றது. எனக்கு எதிரே புதுப் பனியன் போட்ட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே, இரண்டு மூங்கிலுக்கு நடுவே நீளமாக ஒரு துணி. 'மனமுவந்து வேலைக்குப் போகிறோம்' என்று தமிழிலும் ஜப்பானிய எழுத்திலும் எழுதியிருந்தது. சாயம் காயாமல், 'போகிறோம்' கீழ்நோக்கி வழிந்திருந்தது.

ஃபேரர் பார்க் திடலில் காலை வெயில் அப்போதே சுட்டது. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, காமிராவின் பின்புறம் உருவம் விழும் பால்கண்ணாடியைப் பார்த்தேன். பழைய காமிராக்களில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். வாசகம் எழுதிய துணியின் இரண்டு முனையும் படத்துக்கு வெளியே இருந்தன. எவ்வளவு இடம் போதவில்லை என்று பார்க்கக் காமிராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன்.

ஓரத்தில் நின்ற ஒரு லாரி கண்ணாடிக்குள் வந்தது.

அதில் ஏற்றியிருந்தவர்கள் புதுப் பனியன் போட்டவர்கள் இல்லை. வேலைக்குப் போன உடுப்போடு, கடைக்குப் போன உடுப்போடு இருந்தவர்கள். ஒருவர் கையில் காய்கறிப் பை. துப்பாக்கியில் கத்தி செருகிய இரண்டு சிப்பாய்கள் பக்கத்தில். லாரியின் பின்பலகையில் ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தவரைச் சட்டைக் கழுத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார் தண்டல் காத்தமுத்து. தண்டல் என்றால் ஆள் சேர்த்து வேலைக்கு அனுப்புகிறவர்.

தலைகீழாகத் தெரிந்தாலும் தெரிந்த ஆள் தெரியாமல் போவாரா? முரண்டு பிடித்தவர் எங்கள் கடைக்குப் பின்வீட்டு முனியாண்டி அண்ணன். மரவள்ளிக்கிழங்கு வாங்கி வருகிறேன் என்று அன்று விடிந்ததும் தேக்கா பாசாருக்குப் போனவர்.

ஒரு வாசகியின் கேள்வி

அந்தத் திடலில் என்னைக் கொஞ்சம் நிற்கவிட்டு, வேறு ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன்.

குண்டு விழுந்து எங்கள் ஸ்டூடியோவின் முன்பக்கம் உடைந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதினேன் அல்லவா? அதில் அகல லென்ஸ் என்று ஒரு வார்த்தை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கூப்பிட்டார். பள்ளி ஆசிரியை. அவரும் ஓர் அகல லென்ஸ் வாங்கியிருக்கிறாராம்.

"எல்லாமே தூரமா, சின்னதாத் தெரியுது ஆன்ட்டி. வேஸ்ட் லா. இதை வச்சு என்னதான் பண்றது?"

"நீங்க எங்க நின்னு எடுக்கிறீங்க?"

"எல்லாம் உள்ள வரணும்னு நல்லாப் பின்னால தள்ளி நின்னு."

"அதான் தப்பு. முன்னால போங்க. கை எட்டற தூரத்துக்குப் போங்க."

அகல லென்ஸ் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் அதை வீணாக்குகிறார்கள். நிறைய இடம் உள்ளே வருகிறதே என்று ஒதுங்கி நிற்கிறார்கள். வானம் வரும், தரை வரும், நடுவில் மனிதர்கள் எறும்பு மாதிரி வருவார்கள். அந்த லென்ஸ் நெருங்கிப் போகிறவர்களுக்கானது. நெருங்கினால்தான் முன்னால் இருப்பது பெரிதாகவும், அதைச் சுற்றி நடப்பது எல்லாம் கூடவேயும் வரும்.

இதைப் புத்தகத்தில் படித்து நான் சொல்லவில்லை. நானும் என் வீட்டுக்காரர் தங்கவேலுவும் அந்தக் காலத்தில் ஃபிலிமுக்குப் பதில் இருந்த கண்ணாடித் தட்டுகளைப் பாழாக்கிப் பாழாக்கித் தெரிந்துகொண்டது.

பலாப்பழ முகம்

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் ஸ்டூடியோ. கீழே கடை, மேலே வீடு. அவர் படம் எடுப்பார். நெகட்டிவில் பென்சிலாலும் சிறு கத்தியாலும் திருத்துகிற வேலை என்னுடையது. அம்மைத் தழும்பை மறைப்பேன், மாறுகண்ணை நேராக்குவேன், பிடிக்காத மைத்துனனைச் சுரண்டி எடுத்துத் தூணாக்கியும் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நாளில் காமிராவையும் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொன்னவரில்லை.

அகல லென்ஸ் எங்களிடம் வந்தது ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பு. கட்டடப் படம் எடுக்கும் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். "இதுக்குள்ள ஒரு வீடே அடங்கும்" என்று சொன்னாராம்.

முதல் படத்தில் வீடு அடங்கியது. கூடவே எங்கள் காமிராவின் முன்பலகையும் அடங்கியது. படத்தின் அடியில் ஒரு பெரிய மரக்கட்டை! அந்த லென்ஸுக்குத் தன் வீட்டுப் பலகைகூடத் தெரியும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த முறை பலகையைக் கீழே மடித்துவிட்டு எடுத்தோம்.

பஃபலோ ரோட்டில் ஒரு கல்யாண வீடு. மாடிக் கூடம் குறுகல். சொந்தக்காரர்களோ கொள்ளாத கூட்டம். அகல லென்ஸைப் போட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தார் தங்கவேலு. பெருமை தாங்கவில்லை. படத்தைக் கழுவிப் பார்த்தால் மாப்பிள்ளையும் பெண்ணும் ராஜா ராணி மாதிரி நடுவில் இருந்தார்கள். ஓரத்தில் நின்ற மாப்பிள்ளையின் பெரியம்மா முகம் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டுப் பலாப்பழம் மாதிரி ஆகியிருந்தது.

அந்த அம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "நான் என்னடா உனக்குப் பாவம் பண்ணேன்?" என்று தங்கவேலுவைக் கேட்டார்.

அதற்குப் பிறகு ஆட்களை நேர்க்கோட்டில் நிறுத்துவதை விட்டோம். பிறை மாதிரி வளைத்து நிறுத்துவோம். ஓரத்தில் ஆளுக்குப் பதிலாக வாழைமரம், குத்துவிளக்கு. காமிராவை அண்ணாந்து பார்க்க வைக்கக் கூடாது, தூண்கள் எல்லாம் குடிகாரன் மாதிரி சாயும். லென்ஸின் துவாரத்தை நன்றாகச் சுருக்கினால்தான் ஓரம் வரை கூர்மையாக வரும். ஆனால் துவாரத்தைச் சுருக்கிய பிறகு பால்கண்ணாடியில் நடுப்பகுதி மட்டும் மங்கலாகத் தெரியும். ஓரங்கள் இருட்டிவிடும். அங்கே என்ன இருக்கிறது என்பது எடுக்கிறவருக்கே தெரியாது. முன்கூட்டியே துவாரத்தைத் திறந்து பார்த்து, மனத்தில் வைத்துக்கொண்டு, பிறகு சுருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். அன்று திடலில் என் தலை தப்பியது இதனால்தான்.

மீசை வேண்டாம்

திடலுக்கு நான் எப்படிப் போனேன் என்று சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து, அதன் பெயரையே ஷோனான் என்று மாற்றியிருந்த காலம். அரிசி என்பது கனவு. கிழங்கு, கிழங்கு, கிழங்கு. தங்கவேலுவுக்குச் சத்துக் குறைந்து இரண்டு காலும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழும், எழும்ப வெகு நேரம் ஆகும். படிக்கட்டு இறங்க முடியாது.

தண்டல் காத்தமுத்து ஸ்டூடியோவுக்கு வந்தார். ஜப்பான் அதிகாரி வரச் சொன்னார், சயாமுக்கு ரயில் பாதை வேலைக்குப் போகிறவர்களைப் படம் எடுக்க வேண்டும், பத்திரிகையில் போடுவார்கள் என்றார்.

"அவரால நடக்க முடியாது. நான் வரேன்" என்றேன்.

"பொம்பளையா?"

"படம் எடுக்கக் கண்ணும் கையும் போதும் தண்டல். மீசை வேண்டாம்."

மேலே படுத்திருந்த தங்கவேலுவுக்கு இது கேட்டுவிட்டது. தண்டல் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"செல்லம், அவனுங்ககிட்ட வாயக் கொடுக்காதே. சொன்னதை எடு, கொடுத்துட்டு வா. நமக்கு வேற எதுவும் வேண்டாம்."

"சரிங்க" என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன். திடலில் எனக்காக என்ன காத்திருந்தது என்று அப்போது தெரியாது.

அவர்கள் கொடுத்தனுப்பிய தட்டு ஒன்று. குண்டுவீச்சுக்கு முன்பு வாங்கிப் பத்திரப்படுத்திய தட்டுகளில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. அதிலிருந்து ஒன்றைக் கூடவே எடுத்துக்கொண்டேன். வெளியே படம் எடுக்கப் போகும்போது உபரித் தட்டு இல்லாமல் போவது எங்கள் வழக்கமில்லை. பையில் வழக்கமான லென்ஸும் அகல லென்ஸும் எப்போதும் சேர்ந்தே கிடக்கும்.

இருட்டான ஓரம்

முனியாண்டி அண்ணன் காமிராவைப் பார்த்தார். துணிக்குள்ளிருந்து வெளியே வந்த என்னையும் பார்த்தார். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எனக்கு ஆபத்து என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. தாடையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

எனக்குப் பயம்தான், ஒளிப்பானேன்? பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அந்தத் துணியில் எழுதியிருந்த பொய்யை நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அதற்கு நாலு அடி தள்ளி நடக்கிற உண்மையை என் லென்ஸ் பார்க்கக் கூடாதாம். யாருடைய லென்ஸ் அது?

மொழிபெயர்ப்பாளனிடம் மலாயில் சொன்னேன். "பின்னால வாய்க்கால். போக முடியாது. துணி முழுசா வரணும்னா வேற லென்ஸ் போடணும்."

அவன் அதிகாரியிடம் சொன்னான். அதிகாரி தலையசைத்தார். அகல லென்ஸை மாட்டினேன். பின்னால் போகச் சொன்னவர்கள் எதிரில் நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். துணிக்கு அவ்வளவு அருகில், அதை மட்டுமே எடுக்கிறவளைப் போல. காமிராவின் மூக்கு நேராகத் துணியைத்தான் பார்த்தது. யார் பார்த்தாலும் லாரி படத்தில் வரும் என்று நினைக்க மாட்டார்கள்.

துவாரத்தை முழுக்கத் திறந்து ஒரு முறை பார்த்தேன். ஓரத்தில் லாரி, சிப்பாய்கள், காய்கறிப் பை, தண்டலின் கை, முனியாண்டி அண்ணன். எல்லாம் வந்தது. இருந்தாலும் ஓரம் ஓரம்தான், முகம் இழுபடும். காமிராவை ஒரு விரல்கடை அவர் பக்கம் நகர்த்தினேன். இப்போது கொஞ்சம் உள்ளே வந்தார். துவாரத்தைச் சுருக்கினேன்.

தட்டைச் செருகப் போகும்போது அதிகாரியின் பூட்ஸ் சத்தம் பக்கத்தில் கேட்டது.

"அவர் பார்க்கணுமாம்" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

குனிந்து வணங்கிவிட்டு ஒதுங்கி நின்றேன். அதிகாரி தொப்பியைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். கறுப்புத் துணிக்குள் புகுந்தார். வெயிலிலிருந்து நேராக வந்த கண். சுருக்கிய துவாரம். எனக்கே அந்தக் கண்ணாடியில் நடுவில் வெளுத்த துணியும் அதற்குக் கீழே நிழல் மாதிரி சில தலைகளும்தான் தெரிந்திருக்கும்.

அவர் துணிக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"பாகுஸ்" என்றார். நன்றாக இருக்கிறது என்று மலாயில் அவருக்குத் தெரிந்த சொல் அது.

தட்டைச் செருகினேன். "அசையாதீங்க!" என்று தமிழில் உரக்கக் கத்தினேன். பனியன் போட்டவர்களுக்குச் சொன்னதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். லாரிப் பக்கமும் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு உரக்கக் கத்தினேன். லென்ஸ் மூடியை எடுத்தேன், மனத்துக்குள் ஒரு முருகா சொன்னேன், மூடினேன்.

பிறகு என்னால் முடிந்த அளவு பணிவாக, "துணி வந்துடுச்சு. ஐயா முகம் பெரிசா வர்ற மாதிரி இன்னொண்ணு எடுக்கலாமா?" என்று கேட்டேன். அதிகாரிக்குச் சந்தோஷம். அவரே வந்து வரிசை நடுவில் நின்றார். வழக்கமான லென்ஸைப் போட்டு அவர்கள் தட்டில் அதை எடுத்தேன். அதில் அவர் இருந்தார், பனியன்கள் இருந்தன, லாரி இல்லை.

ஓர் அறை

படத்தோடு நெகட்டிவ்களையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு.

வீட்டுக்கு வந்து தங்கவேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்குப் பைத்தியமா? ரெண்டு தட்டு எடுத்ததை அவன் பார்த்திருக்கான். ரெண்டையும் கேப்பானே!"

"கேப்பான்."

"முனியாண்டியக் கொண்டுபோனதை நீ படம் எடுத்துட்டா அவன் திரும்பி வந்துடுவானா?"

"வரமாட்டாரு. ஆனா அவர் போகவே இல்லைன்னு நாளைக்கு எவனும் சொல்ல முடியாதுங்க."

தங்கவேலு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வீங்கிய காலோடு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி இருட்டறைக்கு வந்தார். மருந்தை அவரே கலக்கினார். கண்ணாடியில் முதலில் துணி கறுத்து வந்தது. பிறகு லாரியின் பலகை. பிறகு அண்ணனின் முகம். சிவப்பு விளக்கில் அதைப் பார்த்துவிட்டுத் தங்கவேலு தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் கையிருப்பிலிருந்து ஒரு புதுத் தட்டை எடுத்தார். அந்த நாளில் தங்கம் கிடைக்கும், தட்டு கிடைக்காது. அதை வெளிச்சத்தில் காட்டி, மருந்தில் போட்டார். தட்டு முழுக்கக் கரிக்கட்டையாகியது.

"இதைக் கொடு. வெளிச்சம் பூந்து கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றார். "அடிப்பானுங்க."

"அடிக்கட்டும்."

அடித்தார்கள். மொழிபெயர்ப்பாளன் கறுத்த தட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் காட்டினான். அதிகாரி என்னை ஓங்கி ஓர் அறை விட்டார். காதுக்குள் வண்டு பறந்தது. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. குனிந்து வணங்கினேன். குனிந்த தலைக்குள் நான் என்ன நினைத்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் இன்னொன்றும் விழுந்திருக்கும். தன் முகம் பெரிதாக இருந்த மற்றப் படத்தைப் பார்த்ததும் அவர் கோபம் தணிந்துவிட்டது. போகச் சொல்லிவிட்டார்.

நல்ல தட்டு எங்கள் பழைய கல்யாண நெகட்டிவ் பெட்டிகளோடு போய்ச் சேர்ந்தது.

தண்டல் வீட்டில் அரிசி மணம்

பொன்னம்மா அக்காதான் முனியாண்டி அண்ணனின் மனைவி. என்னைவிடப் பெரியவர். அண்ணனை லாரியில் ஏற்றினார்கள் என்று நான் சொன்ன அன்றே தண்டலிடம் ஓடினார்.

"உன் புருஷனை நான் பார்க்கவே இல்லையே. எவ கூடவாவது போயிருப்பான்" என்றாராம் காத்தமுத்து. லாரியில் போன மற்றவர்களின் வீட்டாருக்கும் ஏறக்குறைய இதே பதில். வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு அரிசி கொடுப்பது ஜப்பான்காரன் ஏற்பாடு, ஆனால் பனியன் போட்டுப் போனவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான் அது கிடைத்தது.

அக்கா ஆள் சேர்க்கும் அலுவலகத்துக்கே போனார். அங்கே கணக்கு எழுதும் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி. பயந்த சுபாவம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாராம். "அக்கா, நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ. லொறியில போன ஆக்களின்ர வீடுகளுக்கும் அரிசி குடுபடுது. தண்டல்தான் வந்து எடுத்துக்கொண்டு போறவர்."

அக்கா நேரே எங்கள் கடைக்கு வந்தார். அழவில்லை. "செல்லம், அந்தப் படத்தை எனக்குக் காட்டு" என்றார்.

காட்டினேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து வெகு நேரம் பார்த்தார். தண்டலின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

"இந்தப் படத்துக்கு ஒரு காப்பி போட்டுக் கொடு. நீயும் வா."

தங்கவேலு தடுப்பார் என்று நினைத்தேன். "ரெண்டு காப்பி போடு. ஒண்ணை அவன் கிழிப்பான்" என்றார்.

காத்தமுத்து வீட்டு வாசலிலேயே சோறு வேகும் மணம். எத்தனை மாதமாயிற்று அந்த மணத்தை முகர்ந்து! எனக்கு வெட்கமில்லாமல் வாயில் எச்சில் ஊறியது. அந்த எச்சிலே கோபமாகவும் ஆகியது.

அக்கா படத்தை நீட்டினார். தண்டல் பார்த்தார். முதலில் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது.

"இது எப்படி... நீ துணியத்தானே எடுத்தே?"

"துணியும் இருக்கு பாருங்க" என்றேன்.

படத்தை நாலாகக் கிழித்தார். "ரெண்டு பேரையும் பிடிச்சுக் கொடுத்துடுவேன். தலை போயிடும், தெரியுமா?"

"கொடுங்க தண்டல்" என்றார் பொன்னம்மா அக்கா. குரல் உயரவில்லை. "எங்க தலை போகும். அப்புறம் அவங்க கேப்பாங்க, இந்த லாரியில போனவங்க வீட்டு அரிசி எங்கேன்னு. ஜப்பான்காரன் அரிசியத் திருடுனவனை என்ன பண்றான்னு நீங்களும் பார்த்திருக்கீங்க, நானும் பார்த்திருக்கேன்."

உள்ளே சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"படம் எங்க கையில மட்டும் இல்லை" என்று நான் சேர்த்துச் சொன்னேன். அது பொய். வேறு யாரிடமும் இல்லை. பொய் சொல்லும்போது கண்ணை நேராகப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்று தானாகவே வந்தது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"எங்க அரிசி. எனக்கு மட்டும் இல்லை. லாரியில ஏத்துனீங்களே, அத்தனை பேர் வீட்டுக்கும்."

அடுத்த முறை அரிசி வந்தபோது வந்தது. முழுசாக வந்ததா என்றால் இல்லை. காத்தமுத்து காத்தமுத்துதான். ஆனால் லாரியில் போனவர்களின் பிள்ளைகள் சோறு தின்றார்கள். அக்கா எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். தங்கவேலு அதை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமலே உட்கார்ந்திருந்தார்.

சுரண்டச் சொன்னவர்

சண்டை முடிந்தது. கப்பல்கள் வந்தன. சயாமிலிருந்து திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். முனியாண்டி அண்ணன் வரவில்லை. காலராவில் போய்விட்டார், காட்டிலேயே எரித்துவிட்டார்கள் என்று கூட இருந்தவர் வந்து சொன்னார்.

போட்டோ கடைக்குப் பின்வீட்டிலேயே குடியிருந்தவர்கள் அண்ணனும் அக்காவும். ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டார்கள், நாங்களும் அப்படியே இருந்துவிட்டோம். இந்த உலகத்தில் அண்ணனின் முகம் இருந்தது அந்த ஒரு தட்டில் மட்டும்.

ஒரு நாள் காத்தமுத்து கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் பழக்கூடை. இதற்குள் அவர் ஊரில் பெரிய மனிதராகிவிட்டிருந்தார். கூட்டங்களில் முன்வரிசை நாற்காலி, கழுத்தில் மாலை.

"பழசெல்லாம் எதுக்கு தங்கச்சி? எல்லாரும் கஷ்டப்பட்டோம். படத்தை அழிக்கச் சொல்லலை. நீ நெகட்டிவ்ல கை வைக்கிறதுல கெட்டிக்காரின்னு ஊரே சொல்லுது. என்னை மட்டும் சுரண்டி எடுத்துடேன்."

தங்கவேலுவைப் பார்த்தேன். கால் வீக்கம் வடிந்து, கடையில் மறுபடி உட்கார ஆரம்பித்திருந்தார். யாரிடமும் வாய் கொடுக்காதே என்று எனக்குச் சொன்ன மனிதர் எழுந்து நின்றார்.

"சுரண்டலாம் தண்டல். ஆனா உங்க கை அவன் கழுத்துல இருக்கு. உங்களைச் சுரண்டினா அவன் கழுத்தும் போகும். அவனுக்கு இருக்கிறது அந்த ஒரு கழுத்துதான்."

பழக்கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

அன்று மாலையே நான் அந்தத் தட்டைப் பெரிதாக்கும் கருவியில் வைத்தேன். அண்ணனின் முகத்தை மட்டும் தனியாக வெட்டி, ஓரத்தில் இழுபட்டதைச் சரிசெய்ய அச்சுத்தாளைச் சாய்த்து வைத்து, சுமாரான ஒரு முகப்படம் எடுத்தேன். சட்டம் போட்டு அக்காவிடம் கொண்டுபோனேன். அக்கா நெற்றியில் ஒற்றிக்கொண்டார். சாமி விளக்கருகே வைத்தார். பிறகு திரும்பி, "முழுப் படமும் வேணும்" என்றார்.

"எதுக்குக்கா? பார்க்கப் பார்க்க வயிறு எரியும்."

"எரியட்டும். இவர் சும்மா செத்துப் போகலை செல்லம். கொண்டுபோனாங்க. கொண்டுபோனவனும் படத்துல இருக்கணும்."

இருந்ததிலேயே பெரிய தாளில் போட்டுக் கொடுத்தேன். துணி, பனியன்கள், லாரி, காய்கறிப் பை, எல்லாம். அக்கா அப்போது எங்கள் தெருவில், கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் அஞ்சடிப் பாதையில் ஆப்பக்கடை போட்டிருந்தார். அடுப்புக்குப் பின்னால், தெருவைப் பார்த்த சுவரில் அதை மாட்டினார். ஆப்பம் தின்ன வருகிறவர்கள் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

"இது யாருக்கா?" என்று கேட்டார் ஒருநாள் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"என் வீட்டுக்காரர்."

"அவர் கழுத்தைப் பிடிச்சிருக்கிறது?"

பொன்னம்மா அக்கா ஆப்பச் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, மூடி வைத்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் காத்தமுத்துவின் பெயரை அவருடைய அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

"நேராப் போயி இடது பக்கம் திரும்புங்க. பச்சைக் கதவு. வீட்லதான் இருப்பாரு, போய்க் கேட்டுட்டு வாங்க. ஆப்பத்தைச் சூடா எடுத்து வைக்கிறேன்."